தியேட்டரை நிறுத்திவிட்டு ஒரு லட்சத்துக்கு டிவி வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கோவை சரவணம்பட்டியில் இருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து கைக்கு 68,000 ரூபாய் வரும். வீட்டுக் கடன் தவணை 19,500. பேங்கில் 60,000 இருக்கிறது. மகன் ஏழாவது, மகள் மூன்றாவது படிக்கிறார்கள். அத்தையும் (மாமியார்) எங்களோடுதான் இருக்கிறார்.

மாதம் இரண்டு படம் மாலில் போய்ப் பார்ப்போம், அத்தை மட்டும் வர மாட்டார். ஒரு தடவைக்கு டிக்கெட் 760, ஆன்லைன் புக்கிங் கட்டணம் 140, பாப்கார்ன், கூல்டிரிங்ஸ் வகையறா 850, பார்க்கிங், பெட்ரோல் 150 என்று 1,900 ஆகிவிடுகிறது. "இதற்கு 65 இன்ச் டிவியும் சவுண்ட்பாரும் வாங்கிப் போட்டுவிடலாம். ஒரு லட்சம்தான். கிரெடிட் கார்டில் 24 மாதம் நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் 4,167. தியேட்டர் செலவைவிட 367 ரூபாய்தான் கூட" என்கிறார் அவர். இப்போது ஹாலில் இருக்கும் 43 இன்ச் டிவி நன்றாகத்தான் ஓடுகிறது. ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை அதில் அத்தை சீரியல் பார்ப்பார். படத்துக்குப் போகிற அன்று ராத்திரி சமையல் இல்லை என்பது எனக்கு ஒரு சந்தோஷம். அவர் சொல்கிற கணக்கு சரியா சார்?
வாசகி, கோவை

பதில்: உங்கள் வீட்டுக்காரர் கூட்டிக் கழித்ததில் தப்பில்லை அம்மா. ஆனால் இரண்டு வரிகளை எழுதாமல் விட்டுவிட்டார். ஒன்று ஓடிடி சந்தா. இன்னொன்று, டிவி வந்த பிறகு நீங்கள் நிஜமாகவே தியேட்டருக்குப் போகாமல் இருப்பீர்களா என்பது.

முதலில் சந்தா. 65 இன்ச் வாங்குவதே 4கே தெளிவுக்காகத்தான். நெட்ஃபிளிக்ஸில் 4கே வேண்டும் என்றால் மாதம் 649 ரூபாய் திட்டம். 199 ரூபாய் திட்டத்தின் படம் அவ்வளவு பெரிய திரையில் மங்கலாகத் தெரியும். பிரைம் ஆண்டுக்கு 1,499. அதிலும் 2025 ஜூன் முதல் நடுவில் விளம்பரம் வருகிறது, வேண்டாம் என்றால் ஆண்டுக்கு இன்னும் 699. தமிழ்ப் படங்கள் ஒரே இடத்தில் வருவதில்லை, ஆகவே மூன்றாவதாக ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,500 போட்டுக்கொள்வோம். எல்லாம் சேர்ந்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட 11,500 ரூபாய். கரண்டைப் பற்றிக் கவலை வேண்டாம், ஒரு படத்துக்கு அரை யூனிட் போனால் அதிகம்.

தியேட்டருக்கு இப்போது வருடத்துக்கு 45,600 செலவழிக்கிறீர்கள். அடியோடு நிறுத்தினால், சந்தா போக மிச்சம் சுமார் 34,100. ஒரு லட்சம் திரும்பி வரக் கிட்டத்தட்ட மூன்று வருடம். டிவி அதற்கு மேலும் உழைக்கும் என்பதால், இதுவரை அவர் பக்கம்தான் நியாயம்.

ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெரிய படம் வரும். மகனின் கிளாஸில் எல்லாரும் முதல் வாரமே பார்த்துவிட்டு வந்து கதை சொல்வார்கள். ஏழாவது படிக்கிற பையனிடம் "நாலு வாரம் பொறு, டிவியில் வரும்" என்று எத்தனை தடவை சொல்வீர்கள்? இரண்டு தடவை போவது ஒரு தடவையாகக் குறையும், அவ்வளவுதான் நடக்கும். அப்போது தியேட்டரில் மிச்சமாவது 22,800. அதில் சந்தா 11,500 போனால் கையில் நிற்பது 11,300. ஒரு லட்சம் திரும்பி வர ஒன்பது வருடம் ஆகும். அதற்குள் அந்த டிவிக்கு ஸ்பேர் கிடைக்கிறதோ இல்லையோ.

அதைவிட முக்கியமாக, உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஏழு முதல் பத்து வரை அத்தையின் சீரியல். புது டிவி வந்தால் அதுவும் ஹாலில்தான் வரும், சீரியலும் 65 இன்ச்சில் ஓடும். நீங்கள் படம் போடப் பத்து மணி ஆகிவிடும். பிள்ளைகள் அதற்குள் தூங்கிவிடுவார்கள், மறுநாள் ஆபீஸ் வேறு. ஞாயிறு மத்தியானம் ஒன்றுதான் மிச்சம். அன்றைக்கு இடைவேளையில் பஜ்ஜியும் டீயும் போடப் போவது யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சமையலறைக்கு லீவு கிடைக்கிற அந்த ஒரு ராத்திரிக்கு நீங்கள் ஒரு விலை வைத்திருக்கிறீர்கள். அதை வெட்டிச் செலவு என்று நான் எழுத மாட்டேன்.

சரி, நோ காஸ்ட் இஎம்ஐக்கு வருவோம். வட்டியே இல்லாத கடன் என்று எதையும் விற்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் இப்போது வேறு மாதிரி செய்கிறார்கள். வட்டி எவ்வளவோ அவ்வளவைக் கடையோ கம்பெனியோ முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழிக்கும். வங்கி தன் வட்டியைத் தவணையோடு வாங்கிக்கொள்ளும். வட்டி 16 சதவீதம் என்று வைத்தால், ஒரு லட்சத்துக்கு 24 மாதத்தில் சுமார் 14,900 ரூபாய். இந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது ஏறக்குறைய 2,680 ரூபாய். இதை யாரும் உங்களுக்குக் கழித்துத் தர மாட்டார்கள். பிராசசிங் கட்டணம் தனி. நடுவில் ஒரு மாதம் கார்டு பில்லை முழுதாகக் கட்டத் தவறினால் அப்புறம் வரும் வட்டி வேறு ரகம்.

கையிருப்பு 60,000 என்பது உங்கள் வீட்டுக்கு ஒரு மாதச் செலவுக்குத்தான் வரும். இந்த நிலையில் வீட்டுத் தவணையோடு இன்னொரு 4,167 சேர்த்தால், வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு தவணைக்கே போய்விடும். வயதான அத்தை வீட்டில் இருக்கிறார். அவருக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் டிவி பேச்சை எடுக்கும் முன் அதைப் பாருங்கள்.

ஆகவே இப்போதைக்கு டிவி வேண்டாம். அதற்காக மாதம் 3,800 தியேட்டருக்குக் கொடுப்பதும் சரியில்லை. உங்கள் 1,900 ரூபாய் பில்லை இன்னொரு தடவை பாருங்கள். அதில் டிக்கெட் 760தான். தின்பண்டமும் புக்கிங் கட்டணமும் சேர்ந்து 990, பாதிக்கு மேல். டிக்கெட் விலையைப் பொறுத்தவரை நாம் கொடுத்துவைத்தவர்கள். தமிழ்நாட்டில் மல்டிபிளெக்ஸுக்கு வரிக்கு முன் 150 ரூபாய் என்று 2017இல் அரசு உச்சவரம்பு வைத்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் 2025இல் 200 ரூபாய் என்று வரம்பு கொண்டுவந்தபோது உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நீங்கள் ஆளுக்குக் கொடுக்கும் 190 ரூபாயில் வரிகளும் அடக்கம். பல தனித் தியேட்டர்களில் இதைவிடவும் குறையும்.

மாதம் ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் தாண்டிப் போனால் கவுண்டரிலேயே டிக்கெட் கிடைக்கும், புக்கிங் கட்டணம் 140 மிச்சம். மாலுக்குள் நுழையும் முன் வெளியே ஒரு மெஸ்ஸில் நாலு பேரும் இட்லி, தோசை சாப்பிட்டுவிடுங்கள். இடைவேளையில் ஒரே ஒரு பாப்கார்ன் போதும். வீட்டிலிருந்து முறுக்கு கட்டிக்கொண்டு போகலாமா என்றால், வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குடிக்கத் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே வழக்கில் உறுதியானது, ஆகவே தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். டிக்கெட் 760, போக்குவரத்து 150, சாப்பாட்டுக்கு 490. மொத்தம் 1,400 ரூபாயில் வேலை முடியும், ராத்திரி சமையலும் இல்லை.

மற்ற படங்களுக்கு வீட்டு டிவி போதும். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் வெளியான நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. மூன்று சந்தாவையும் ஒன்றாகக் கட்ட வேண்டியதில்லை. இந்த மாதம் ஒன்று, அடுத்த மாதம் இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் போடுங்கள், மாதம் 500 ரூபாய்க்குள் அடங்கும். அதற்கு முன் உங்கள் செல்போன் ரீசார்ஜிலோ பிராட்பேண்ட் பிளானிலோ ஏதாவது ஓடிடி சேர்ந்தே வருகிறதா என்று பாருங்கள். வாங்கியது தெரியாமலேயே இரண்டாவது தடவை காசு கட்டுகிறவர்கள் ஏராளம். ஆட்டோபேயை யூபிஐ ஆப்பிலேயே நிறுத்தலாம். காசு எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நாம்தான் அதைப் படிக்காமல் தள்ளிவிடுகிறோம்.

3,800இல் தியேட்டர் 1,400, ஓடிடி 500 போக மாதம் 1,900 மிஞ்சும். சம்பளம் வந்த மறுநாளே பேங்க் ஆர்டியில் போகிற மாதிரி போட்டுவிடுங்கள். 6 சதவீத வட்டி கிடைத்தாலும் இரண்டு வருடத்தில் 48,000 ரூபாய்க்கு மேல் இருக்கும். இருக்கிற 60,000ஐத் தொட வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு உடனே ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் 8,000, 10,000 ரூபாயில் ஒரு சவுண்ட்பார் மட்டும் வாங்கட்டும். இப்போதைய மெல்லிய டிவிகளில் குறையே சத்தம்தான். வசனம் புரியாமல் வால்யூமைக் கூட்டி, பாட்டு வந்ததும் குறைத்துக்கொண்டிருப்பது நிற்கும். அத்தைக்கும் சீரியல் தெளிவாகக் கேட்கும்.

இரண்டு வருடம் கழித்து அந்த ஆர்டி பணத்தோடு கடைக்குப் போங்கள். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்திருக்கிறது, ஆகவே பண்டிகை ஆஃபரில் இப்போதே வாங்கியாக வேண்டும் என்ற அவசரமில்லை. கடைக்காரரிடம் முதல் கேள்வியாக, "நோ காஸ்ட் இஎம்ஐக்குக் கழிக்கிற அந்தத் தள்ளுபடி, ரொக்கமாகக் கொடுத்தால் எனக்கு எவ்வளவு வரும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகையைக் கேட்டபின் டிவி எத்தனை இன்ச் என்று முடிவு செய்யலாம்.