முழங்கை கறுத்த குமாஸ்தா

கேள்வி: கணித மேதை ராமானுஜனைக் கண்டுபிடித்தது ஹார்டி என்ற வெள்ளைக்காரர்தானே? பக்கத்திலேயே இருக்கும் அறிவாளியை அடையாளம் காண நம்மாட்களுக்குத் துப்பில்லை என்று ஒப்புக்கொள்வீர்களா?
- ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மாட்டேன். அதுவும் தண்டையார்பேட்டையிலிருந்து இப்படி ஒரு கேள்வி வரலாமா?

1913 ஜனவரி 16 தேதியிட்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போன கடிதத்தை எழுதிய ராமானுஜன், மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் ஆபீசில் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். நீங்கள் பாரிமுனைக்குப் போகும்போதெல்லாம் இடது பக்கம் கிரேன் தெரிகிறதே, அந்தத் துறைமுகம்தான். மாதம் 30 ரூபாய்ச் சம்பளம். கொஞ்ச காலம் குடியிருந்தது ஜார்ஜ் டவுனில், சைவ முத்தையா முதலி தெருவில்.

அந்த வேலை எப்படிக் கிடைத்தது? 1910இல் திருக்கோவிலூருக்குப் போய் டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயரிடம் ஒரு சின்ன உத்தியோகம் கேட்டார். ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். ராமானுஜனின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், 'இவரைத் தாலுகா ஆபீசில் உட்கார வைத்தால் பாவம்' என்று வேலை தராமல் சிபாரிசுக் கடிதம் கொடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கைக்காசு தந்தார். சும்மா வாங்கிச் சாப்பிடக் கூச்சப்பட்டுத்தான் ராமானுஜன் போர்ட் டிரஸ்டுக்கு மனுப் போட்டார். எஃப்.ஏ. (அந்தக் கால இன்டர்மீடியட்) பரீட்சையில் கோட் அடித்ததை அந்த மனுவில் 'சில எதிர்பாராத சூழ்நிலைகள்' என்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அரியர் வைத்திருக்கும் தம்பிகள் குறித்துக்கொள்ளலாம்!

ஆபீசில் மேலதிகாரி நாராயண ஐயர், கணிதக் கழகத்தின் பொருளாளர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மேலதிகாரியும் குமாஸ்தாவும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்களாம். ராமானுஜன் துணி தேட மாட்டார், முழங்கையாலேயே அழிப்பார். தோல் கறுத்துப் போனது. காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல், துறைமுகத்தில் சரக்கு சுற்றி வந்த தாளைப் பொறுக்கி அதில் கணக்குப் போட்டிருக்கிறார். போர்ட் டிரஸ்ட் சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் இவருக்காகப் பேசியது நாராயண ஐயர்தான். எந்த ஆபீசில் மேலதிகாரி இப்படி இருக்கிறார், சொல்லுங்கள்?

சரி, வெள்ளைக்காரர்கள் எல்லாரும் கண்டுகொண்டார்களா? ஹார்டிக்கு முன்னால் பேக்கர், ஹாப்சன் என்று இரண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களுக்கு எழுதினார். இருவருமே கைவிரித்துவிட்டார்கள். அதை மட்டும் யாரும் 'வெள்ளைக்காரனுக்குத் துப்பில்லை' என்று சொல்வதில்லை.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அந்தக் கணக்கு சரியா, புதுசா என்று தீர்ப்புச் சொல்ல இங்கே ஆள் இல்லை. அதற்கு ஹார்டிதான் வேண்டியிருந்தது. கும்பகோணத்துக் காலேஜும், அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்த பச்சையப்பனும் கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காத பையனை வைத்துக்கொண்டு திண்டாடின. ஆனால் பட்டமே இல்லாதவருக்கு விதியை வளைத்து 1913இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது இதே மெட்ராஸ் பல்கலைக்கழகம். ஹார்டியின் பதில் வந்த பிறகு என்பீர்கள். ஆமாம், பிறகுதான். 1914 மார்ச் 17 அன்று அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறியதும் இதே துறைமுகத்தில்தான்.

அப்புறம் இன்னொருவர். ஜார்ஜ் டவுன் முத்தியாலுபேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், பி.கே. சீனிவாசன். ராமானுஜனின் கடிதங்களையும் பழகியவர்களின் நினைவுகளையும் வீடு வீடாகத் தேடிச் சேர்த்து 1968இல் அச்சேற்றியவர். 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகம் அமைத்ததும் அவர்தான். தண்டையார்பேட்டைக்கு அடுத்த பேட்டை ராயபுரம். என்றைக்காவது எட்டிப் பார்த்ததுண்டா?