சின்ன எஞ்சின் ஓவர்ஹால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புல்வெட்டும் இயந்திரத்தின் பழைய 4 ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினைப் பிரித்தேன். வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும் சைடு வால்வு வகை. புது பிஸ்டன் ரிங் போட்டு, இரண்டு வால்வையும் தேய்ப்புப் பேஸ்ட் வைத்துத் தேய்த்தேன். பிரிப்பதற்கு முன் இருந்ததைவிட இப்போது கம்ப்ரஷன் குறைவு. எங்கே தப்பு?

பதில்: ரிங்கைச் சந்தேகப்படும் முன் டேப்பட் இடைவெளியை, அதாவது மூடிய வால்வின் தண்டுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். இந்த வகையில் அதைக் கூட்டிக் குறைக்கப் பெரும்பாலும் திருகு கிடையாது. தேய்க்கத் தேய்க்க வால்வு, அது பதிந்து மூடும் வளையமான சீட்டுக்குள் இறங்கும். தண்டின் அடி அந்த அளவுக்கு டேப்பட்டை நெருங்கும். இடைவெளியே இல்லாமல் போனால், சீட்டு எவ்வளவு நன்றாகப் பதிந்திருந்தாலும் டேப்பட் வால்வைத் தூக்கியே வைத்திருக்கும். சூடானால் தண்டு நீண்டு நிலைமை இன்னும் மோசமாகும். ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்று, ஆறிய பிறகுதான் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றால் இதையும் பாருங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, அதைத் தாண்டி 6 மி.மீ. கீழே இறங்கும்வரை கிராங்கைத் திருப்புங்கள். உச்சிக்கு முன்பே அளந்தால் ஏமாந்துபோவீர்கள். ஸ்டார்ட் செய்யும் கயிறு இலகுவாக வர வேண்டும் என்று பல எஞ்சின்களில், டேப்பட்டைத் தூக்கும் கேமின் மீது ஒரு சிறு மேடு வைத்திருப்பார்கள். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் அது வால்வை லேசாகத் திறந்துவைக்கும். இதே காரணத்தால் கேஜ் வைத்துக் கம்ப்ரஷன் பார்த்தாலும் எண் குறைவாகத்தான் காட்டும்.

ஃபீலர் கேஜில் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) இன்டேக்குக்கு 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.2 மி.மீ. அளவில் இருந்தால் பொதுவாகச் சரி. உங்கள் மாடலுக்குத் தனி அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். குறைந்தால் வால்வைக் கழற்றித் தண்டின் அடியைச் சாணைக்கல்லில் நேர்மட்டமாகப் பிடித்து, தொட்டு எடுப்பதுபோல் தேயுங்கள். ஒவ்வொரு முறையும் மாட்டி அளக்க வேண்டும். ஒரேயடியாகத் தேய்த்து இடைவெளி கூடிப்போனால், சீட்டை இன்னும் தேய்த்து வால்வை இறக்க வேண்டும், இல்லையென்றால் வால்வையே மாற்ற வேண்டும்.

சீட்டைச் சோதிக்க ஹெட் இல்லாமலே வழி உண்டு. ஸ்பிரிங்குகளை மாட்டி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் அவற்றின் தலைமேல் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். வால்வுக்குக் கீழே உள்ள வழியான போர்ட்டுக்குள் விரல் விட்டால் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் வால்வைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள். மங்கிய சாம்பல் வளையம் சுற்றிலும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் கசிவு. பேஸ்ட்டைத் துளிகூட மிச்சம் வைக்காதீர்கள். அது பிஸ்டன் ஓடும் துளையான போருக்குள் இறங்கினால் புது ரிங்கைத் தின்றுவிடும்.

கேள்வி: புது ரிங் போட்டால் போதுமா, போரும் தேய்ந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: புது ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து 25 மி.மீ. கீழே தள்ளுங்கள். அப்போதுதான் ரிங் கோணாமல் உட்காரும். முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி புது ரிங்கிலேயே 0.8 மி.மீ.-ஐத் தாண்டினால் போர் போய்விட்டது. ரிங் அதைக் காப்பாற்றாது. மாட்டும்போது ரிங் முனைகள் ஒரே கோட்டில் வரக் கூடாது. கனெக்டிங் ராடு மூடியைக் கழற்றும் முன்பே அடையாளம் போடுங்கள்; திருப்பி மாட்டினால் பேரிங் பொருந்தாது, எண்ணெய் வாரும் கரண்டியும் திசை மாறிவிடும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது. கயிறு இழுத்தால் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்குகிறது.

பதில்: பெரும்பாலும் ஃப்ளைவீல் கீ (ஃப்ளைவீலைக் கிராங்க் தண்டில் சரியான இடத்தில் நிறுத்தும் சிறு உலோகத் துண்டு) வெட்டுப்பட்டு, ஸ்பார்க் நேரத்துக்கு முன்பே விழுகிறது. ஃப்ளைவீலைக் கழற்றிக் கீயைப் பாருங்கள்: பக்கவாட்டில் படிபோல ஒரு மடிப்பு தெரிந்தால் அரை மி.மீ. ஆனாலும் மாற்றுங்கள். பழைய கீ மெல்லிய உலோகமாக இருந்தால் அதற்குப் பதில் எஃகு போடாதீர்கள். பிளேடு கல்லில் மோதினால் உடைய வேண்டியது அதுதான். ஃப்ளைவீலைப் பிடித்திருப்பது கிராங்க் தண்டின் கூம்பான பகுதியும் நட்டின் இறுக்கமும். கீ இடத்தைக் காட்ட மட்டுமே. கூம்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கடைசியாக, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே 0.3 மி.மீ. வரும்படி ஓர் அட்டையை வைத்துத் திருகை இறுக்கி, அட்டையை உருவிவிடுங்கள்.