புத்தக டிரெய்லரும் பதிப்புரிமையும்: வாசகர் கேள்வி – பதில்

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு என் முதல் நாவல் வருதுங்க. ஒரு நிமிட டிரெய்லர் போடலாம்னு இருக்கேன். பழைய சினிமாப் பாட்டு பத்து விநாடி, கூகுளில் எடுத்த கொடிவேரி அணை ட்ரோன் காட்சி, கடைசியில் அட்டைப்படம். பத்து விநாடி வரைக்கும் பிரச்சினை வராதுன்னு சொல்றாங்களே, நிஜமுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பத்து விநாடிக் கணக்கு சட்டத்தில் எங்கும் இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு நியாயமான அளவு எடுத்தாள விடுகிறது. விற்பனைக்கான வீடியோவை அதற்குள் அடக்குவது கஷ்டம். ‘பாடலுக்கு நன்றி’ என்று போடுவதும் அனுமதி ஆகாது.

சினிமாப் பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. பாட்டுகளைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கும் யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ சிறு துணுக்கையும் பிடித்துவிடும். பிடித்தால் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோவே முடக்கப்படலாம். உரிமையாளர் நேரடியாக நீக்கச் சொன்னால்தான் ஸ்ட்ரைக், அதாவது சேனல் மீதான எச்சரிக்கை. 90 நாளுக்குள் அது மூன்றானால் சேனலையே இழக்க நேரிடும்.

யூடியூபே தரும் இலவச இசைத் தொகுப்பான ஆடியோ லைப்ரரியில் இசை எடுங்கள். சிலவற்றுக்குப் பெயர் குறிப்பிடுவது கட்டாயம். அங்கே தரும் வாசகத்தை அப்படியே வீடியோ விளக்கத்தில் ஒட்டுங்கள். இன்ஸ்டாகிராம் தரும் பாட்டோடு ரீல் செய்து, அதையே டவுன்லோடு செய்து யூடியூபில் ஏற்றுவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். அந்த அனுமதி அங்கே செல்லாது.

ட்ரோன் காட்சி எடுத்தவருடையது. கூகுள் தேடிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கொடிவேரி உங்களுக்குப் பக்கம்தானே, செல்போனிலேயே எடுத்துவிடலாம்.

அட்டைப்படம் ஓவியர் முன்பே வரைந்து வைத்திருந்தது என்றால், பணம் கொடுத்தாச்சே என்று இருக்காதீர்கள். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். அதில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் கொள்ளும். ஒப்பந்தம் பதிப்பகத்தோடு என்றால் அவர்களிடம் கேளுங்கள்.

கோயில் நோம்பியில் அண்ணன்மார் கதை உடுக்கைப் பாட்டைச் செல்போனில் பதிந்தேன். என் கவிதை நூல் வீடியோவில் சேர்க்கலாமா?
– வாசகி, காங்கேயம்

வழிவழியாக வரும் கதைக்குத் தடையில்லை. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டு உண்டு. நீங்களே பதிந்தாலும் அவர் சம்மதம் வேண்டும். ‘இந்தப் பதிவை இன்ன நூலின் விளம்பர வீடியோவில், எல்லாச் சமூக ஊடகங்களிலும், உலகெங்கும், இத்தனை ஆண்டு பயன்படுத்தச் சம்மதம்’ என்று எழுதி, கொடுத்த தொகையும் தேதியும் போட்டு, உடுக்கை அடித்தவர், பின்பாட்டுக்காரர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.