செத்தால் கை மாறும்

அன்புள்ள ஐயா,

வீடியோ கேம் பற்றி நீங்கள் அங்கங்கே ஓரிரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதனால் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. எனக்கு 44 வயது. சின்ன வயதில் மாரியோ, கான்ட்ரா, பிரின்ஸ் ஆஃப் பெர்சியா என்று கிடந்தவன். போன மாதம் அவற்றை எமுலேட்டரில், அதாவது பழைய ஆட்டங்களை இன்றைய கம்ப்யூட்டரில் ஓடவைக்கும் மென்பொருளில், ஏற்றி ஆடினேன். செத்தால் பத்து நொடி பின்னால் போகிற ரீவைண்ட் வசதி இருந்தது. பிரின்ஸை இரண்டே இரவில் முடித்துவிட்டேன். மனதில் ஒன்றுமே ஒட்டவில்லை. புதிய ஆட்டங்கள் முந்நூறுக்கு மேல் வாங்கி வைத்திருக்கிறேன். எதையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொட்டதில்லை. தினமும் ஆடுவது போனில் ஒரே ஒரு ஆட்டம்தான், அதுவும் அன்றாடப் பரிசு விட்டுப்போகக் கூடாதே என்று. 13 வயது மகளோ ஆடுவதே இல்லை. யாரோ ஆடுவதை யூடியூபில் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எரிச்சலாக வருகிறது. பழைய ஆட்டங்கள் உண்மையிலேயே நல்லவையா, வெறும் ஏக்கம்தானா? இப்போதைய ஆட்டங்களில் ஏன் உயிர் இல்லை? நான் எதை ஆட வேண்டும்?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. நான் பிடித்துக்கொண்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியை. ‘செத்தால் பத்து நொடி பின்னால் போகிற ரீவைண்ட் வசதி இருந்தது.’ கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு நண்பர் வீட்டில் பழைய மாரியோவை இப்படித்தான் ஆடினார்கள். பள்ளத்தில் விழுந்தால் பொத்தானை அழுத்துவது, அவன் தலைகீழாக மேலே ஏறி வருவது, மறுபடி தாண்டுவது. கொட்டாவி விட்டுக்கொண்டே ஆறு கட்டம் கடந்தார்கள். எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

1985இல் வந்த அந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கேசட்டுக்குள் இருந்தது மொத்தம் 40 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் போதாமல், வானத்து மேகத்தின் உருவத்தையே பச்சை அடித்துத் தரையில் புதராக வைத்தார்கள். கைதேர்ந்தவர்கள் குறுக்கு வழிகளில் புகுந்து அதை 5 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். 5 நிமிடத்தில் முடிகிற ஒரு பொருள் நம்மை எத்தனை வருடம் பிடித்து வைத்திருந்தது என்று எண்ணிப் பாருங்கள். அந்த வருடங்கள் கேசட்டுக்குள் இல்லை. நாம் செத்துச் செத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியதில் இருந்தன. முதல் கட்டத்தில் முதல் எதிரி எங்கே வருவான் என்று உங்களுக்கு இன்றும் தெரியும். அது அவன் கையால் அத்தனை முறை செத்ததால் தெரிவது.

அந்தச் சாவுகளை நீங்கள் ஒரு பொத்தானால் அழித்துவிட்டீர்கள். அழித்துவிட்டு, ஒன்றும் ஒட்டவில்லை என்கிறீர்கள். எதில் ஒட்டும்?

உடனே நீங்கள் கான்ட்ராவைச் சொல்வீர்கள். மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இந்த வரிசையில் பொத்தானை அழுத்தினால் 30 லைஃப். நாமும் அன்றைக்கு ஏமாற்றவில்லையா? ஏமாற்றினோம். அந்தக் குறியீட்டை முதலில் 1986இல் கிராடியஸ் என்ற ஆட்டத்துக்காக வைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. சோதித்துப் பார்க்க அவராலேயே அந்த ஆட்டத்தைத் தாக்குப்பிடிக்க முடியவில்லை, தனக்காக வைத்துக்கொண்டார், எடுக்காமலே வெளிவந்துவிட்டது. ஆனால் 30 லைஃப் என்றால் 30 சாவு. தீர்ந்தால் தீர்ந்ததுதான். ரீவைண்டில் ஒரு சாவுகூட இல்லை. இரண்டும் ஒன்றல்ல.

சரி, பிரின்ஸ். நீங்கள் இரண்டு இரவில் முடித்த பிரின்ஸ்.

எங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், ஆட இரண்டு பேர்: நானும் என்னைவிட மூன்று வயது மூத்த அக்காவும். சட்டம் ஒன்றுதான், அதைப் போட்டவள் அவள்: செத்தால் கை மாறும். இளவரசன் முள்ளில் விழுந்தாலும் சரி, வெட்டுப்பட்டாலும் சரி, அந்த நிமிடமே நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும். அழுகை, கெஞ்சல் எதுவும் எடுபடாது. எழுந்தவன் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சும்மா இல்லை, வேலை உண்டு. நின்ற இடத்தில் குதித்தால் தளர்ந்த தரைக்கல் லேசாக ஆடும். ஆடுபவர் கண் இளவரசன் மேல் இருக்கும், ஆடும் கல்லைப் பார்ப்பது நிற்பவர் வேலை. ‘அக்கா, மூணாவது கல்லு’ என்பேன். முள் இருக்கும் இடங்களில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஒவ்வோர் அடியாக நடப்பாள். அந்த ஷிஃப்ட் பொத்தானில் எழுத்து தேய்ந்து போயிருந்தது. நான் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டி, கண்ணாடி முழுக்க என் விரல் ரேகை.

அந்த ஆட்டத்துக்கு மொத்தம் 60 நிமிடம் கெடு. நாம் செத்தாலும் கடிகாரம் நிற்காது. 1989இல் அதைச் செய்த ஜோர்டன் மெக்னர், தன் தம்பியை ஓடவிட்டுத் தாவவிட்டு வீடியோ எடுத்து, அதன் மேல் ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து இளவரசனின் அசைவை உண்டாக்கினார். அதனால்தான் அவன் விழும்போது நமக்கு வயிற்றைப் பிசையும். நான்காவது கட்டத்தில் வழியை அடைத்துக்கொண்டு ஒரு கண்ணாடி நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய வேண்டும். பாய்ந்தால் மறுபக்கத்திலிருந்து அவன் நிழல் வெளியே குதித்து ஓடிவிடும். அப்புறம் அது நம்மைப் படுத்தாத பாடு இல்லை. நம் கண்ணெதிரிலேயே மருந்தைக் குடிக்கும், கதவைச் சாத்தி நம்மைக் கீழே விழவைக்கும். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் புதிதாக ஓர் எதிரியை வைக்க இடமில்லாததால், இளவரசனின் உருவத்தையே மாற்றிப் போட்டு மெக்னர் செய்த எதிரி அது.

கடைசிக் கட்டத்துக்குக் கிட்டத்தில் அந்த நிழல் வாளை உருவிக்கொண்டு எதிரே நிற்கும். நாங்கள் சேமித்து வைத்திருந்த கோப்பில் மீதம் 9 நிமிடம். ஏறி வந்து நிழலைப் பார்த்தோம், வெட்டினோம். ஒவ்வொரு வெட்டுக்கும், உயிரைக் காட்டும் எங்கள் சிவப்பு முக்கோணமே ஒன்று குறைந்தது. கீபோர்டில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தோம். வேகமாக வெட்டினோம், மெதுவாக வெட்டினோம், தடுத்து மட்டும் ஆடிப் பார்த்தோம். நிழலைக் கொன்றால் நாமும் சேர்ந்து செத்தோம். செத்தால் கை மாறும். அக்கா, நான், அக்கா, நான். இரண்டு வாரம் இப்படியே போனது. கேட்க ஆள் இல்லை, தேடிப் பார்க்க இணையம் இல்லை. இரவில் படுத்துக்கொண்டு இருட்டில் பேசிக்கொள்வோம், ‘ஓடிப் போயிட்டா என்ன?’, ‘குதிச்சா?’ என்று.

ஒரு நாள் அவள் முறை. உயிர் ஒரே ஒரு முக்கோணம். வெட்ட மனமில்லாமல், ‘போடா, முடியல’ என்று கீழ் அம்புக்குறியை அழுத்தினாள். இளவரசன் வாளை உறையில் போட்டான். எதிரே நிழலும் வாளை உறையில் போட்டது. நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. அக்காதான் மெல்லச் சொன்னாள்: ‘டேய், அது நாமதான்டா.’ இளவரசனை நேராக நிழலைப் பார்த்து ஓடவிட்டாள். திரை பளிச்சென்றது, இருவரும் ஒருவராகிவிட்டார்கள்.

இதை எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. இவ்வளவுக்கும் அப்புறம் நேரம் போதாமல் அன்றைக்கு ஆட்டத்தை முடிக்கவில்லை.

கே., நீங்கள் அந்த நிழலை எப்படிக் கடந்தீர்கள்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்து நொடி, பத்து நொடியாகப் பின்னால் போய் எதையாவது அழுத்திக் கடந்திருப்பீர்கள், இல்லை போனில் தேடியிருப்பீர்கள். இரண்டு வாரம் இருட்டில் பேசிக்கொள்ள வேண்டிய விஷயத்தைப் பத்து நொடியில் தாண்டிவிட்டு, பழைய ஆட்டம் நல்லதா, ஏக்கமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். நீங்கள் இன்னும் அந்த ஆட்டத்தை ஆடவே இல்லை.

எமுலேட்டரை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று முறையாக விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்ந்து சொன்னது. இப்படிக் காப்பாற்றி வைப்பவர்கள் இல்லாவிட்டால் பாதி ஆட்டங்களின் பெயர்கூட மிஞ்சாது. விரல் நடுங்குகிறவர்கள், கை ஒத்துழைக்காதவர்கள் தாராளமாக ரீவைண்டைப் பயன்படுத்தட்டும், அவர்களுக்கு அது கைத்தடி. உங்களுக்கு என்ன வந்தது?

பழையது எல்லாமே தங்கம் என்றும் நான் சொல்ல மாட்டேன். காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் பலவற்றை வேண்டுமென்றே கொடுமையாகச் செய்தார்கள், சீக்கிரம் செத்தால்தானே அடுத்த காசு விழும். 1991இல் வந்த பேட்டில்டோட்ஸின் மூன்றாம் கட்டத்து வண்டி ஓட்டத்தில் சுவரில் மோதி மோதி மனம் வெறுத்தவர்கள் எத்தனையோ பேர். அதில் அழகும் இல்லை ஒன்றும் இல்லை.

புதிய ஆட்டங்களில் உயிர் இல்லை என்பதை மட்டும் இன்னொரு முறை எழுதாதீர்கள். முந்நூறு வாங்கி, எதையும் ஒரு மணி நேரம் தாண்டாதவருக்கு அதைச் சொல்லும் தகுதி கிடையாது. 2018இல் வந்த செலஸ்டெ ஆடிப் பாருங்கள். ஒரு மலை ஏற்றம், ஒவ்வொரு திரையிலும் ஐம்பது முறை சாவீர்கள், செத்த கணமே மறுபடி எழுந்து நிற்பீர்கள், எத்தனை முறை செத்தீர்கள் என்று அது எண்ணிக்கொண்டே வரும். 2020இல் வந்த ஹேடிஸில் செத்தால்தான் வீடு திரும்ப முடியும், திரும்பினால்தான் வீட்டார் பேசுவார்கள், கதை நகரும். இரண்டையும் செய்தவர்களுக்கு நான் சொல்வது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. உங்கள் முந்நூறில் இவை இரண்டும் இருக்கவே வாய்ப்பு அதிகம், போய்ப் பாருங்கள்.

போன் ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் நீங்கள் ஆடவில்லை, ஆஜர் போடுகிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். 2014இல் வந்த தி க்ரூ என்ற கார் பந்தயத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும், 2024 மார்ச் இறுதியில் சர்வரை அணைத்ததோடு அது ஓடாமல் போய்விட்டது. உங்கள் ஆஜர் பதிவேடும் அப்படி ஒரு சர்வரில்தான் இருக்கிறது.

உங்கள் மகள் பற்றி எழுதியதுதான் எனக்குக் கோபம் வரவைத்தது. அவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாளாம், உங்களுக்கு எரிச்சலாம். நாம் என்ன செய்தோம்? நான் ஆடிய பிரின்ஸில் பாதி அக்காவின் விரலால் ஆடியது. அவள் தாவும்போது என் தோள் தூக்கிக்கொள்ளும், அவள் விழும்போது எனக்கு வலிக்கும். நிழலைக் கடந்த அன்று கீபோர்டில் என் கை இல்லவே இல்லை, ஆனால் நான்தான் கடந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், அக்கா ஒருமுறைகூட மறுத்ததில்லை. பார்ப்பது ஆட்டத்தில் பாதி. உங்கள் மகள் யாரோ ஒருவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவளுக்குக் கிடைக்காதது ஒன்றுதான்: திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் எத்தனை முறை செத்தாலும் இவள் கைக்குக் கீபோர்டு வராது. நீங்களோ இரண்டு இரவும் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள், ரீவைண்ட் பொத்தானோடு. சாவே இல்லாத ஆட்டத்தில் யாருக்கு எப்போது கை மாறும்?

உங்கள் அலுப்பு எனக்குப் புரியாமல் இல்லை. 44 வயதில், நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து, ராத்திரி பதினோரு மணிக்கு எதிலாவது தோற்க யாருக்கு மனம் வரும்? அதனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஆடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆடுங்கள். பிரின்ஸையே மறுபடி எடுங்கள், அமைப்புக்குள் போய் ரீவைண்டை அணையுங்கள், 60 நிமிடக் கடிகாரம் ஓடட்டும். இரண்டு நாற்காலி போடுங்கள். முதல் முறை மகளுடையது.

அவள் நிறையத் திணறுவாள். சொல்லிக்கொடுக்க உங்கள் நாக்கு துடிக்கும், கடித்துக்கொள்ளுங்கள். ஆடும் கல்லை வேண்டுமானால் காட்டலாம், அது நிற்பவரின் வேலை. இந்தப் பதிலை அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக ஒன்று: மூன்றாவது கட்டத்தில் தரையில் ஓர் எலும்புக்கூடு கிடக்கும். அவள் அதைப் பொருட்படுத்தாமல் தாண்டிப் போகப் பார்ப்பாள். அப்போது வாயைத் திறக்காதீர்கள்.

அன்புடன்.