ஆறு மாதத்துக்கு ஒரு சர்வீஸ், ஆறு மாதத்துக்கு ஒரு இஎம்ஐ

கேள்வி: ஈரோட்டில் ஆசிரியராக இருக்கிறேன். நான்கு வருடமாக 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஓட்டுகிறேன். இதுவரை 37,000 கிலோமீட்டர். காலையில் வண்டியை கம்பெனி சர்வீஸில் விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவேன். பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் வரும், ஓகே போட்டுவிடுவேன். பிப்ரவரியில் 14,200, ஆகஸ்டில் 22,600 ரூபாய் ஆனது. இரண்டையும் கிரெடிட் கார்டில் ஆறு மாத இஎம்ஐ ஆக்கினேன். அங்கே சர்வீஸ் அட்வைசர் என் மச்சினன்தான், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது மூன்று வருடப் பராமரிப்பு பேக்கேஜை 36,000 ரூபாய்க்கு எடுத்தால் மிச்சம் என்கிறார். பர்சனல் லோன் போட்டு எடுக்கலாமா? எக்ஸ்டென்டட் வாரன்டி இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அவர்கள் சொல்வதைச் செய்யாவிட்டால் அது போய்விடுமா? பில் நகலை இணைத்திருக்கிறேன்.

பதில்: பேக்கேஜ் வேண்டாம். அதற்கு லோன் போடுவது இன்னும் மோசம். ஆனால் உங்கள் பணம் ஒழுகும் இடம் பேக்கேஜ் அல்ல, பதினொரு மணிக்குப் போடும் அந்த ஓகேதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இரண்டு பில்லும் சேர்ந்து 36,800. கார்டு இஎம்ஐக்கு 16 சதவீத வட்டி, அதன்மேல் ஜிஎஸ்டி, பிராசசிங் கட்டணம் என்று சுமார் 2,600. ஆக வருடத்துக்கு 39,400. நீங்கள் வருடத்துக்கு ஓட்டுவதோ 9,000 கிலோமீட்டர் சொச்சம். பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் சொச்சம் ஆகும் வண்டிக்கு, சர்வீஸுக்கு மட்டும் நாலேகால் ரூபாய் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வண்டியோடு வந்த புத்தகத்தின் பின்பகுதியில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். எந்தக் கிலோமீட்டரில் எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் மட்டும் போதும் என்று கட்டம் போட்டுக் கொடுத்திருப்பார்கள். உங்கள் ரக வண்டிகளுக்குப் பொதுவாக 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஒரு சர்வீஸ். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ‘அடுத்த சர்வீஸ் 6 மாதம்’ ஸ்டிக்கர் டீலர் அடித்தது. தயாரிப்பாளர் சொன்னது புத்தகத்தில் இருப்பதுதான்.

இனி ஆகஸ்ட் பில். ஆயிலும் ஆயில் ஃபில்டரும் 3,100, பிரேக் ஃப்ளூயிட் 900, ஏர் ஃபில்டர் 450, நான்கு ஸ்பார்க் பிளக் 800, லேபர் 2,400. கூட்டினால் 7,650. 40,000 கிலோமீட்டர் சர்வீஸ் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கனமானதுதான், இதில் குறை சொல்ல எதுவுமில்லை. பிளக் மட்டும் அதிக நாள் உழைக்கும் இரிடியம் ரகமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரிடியம் என்றால் இப்போதே மாற்றியிருக்க வேண்டியதில்லை. பிரேக் ஃப்ளூயிடில் மிச்சம் பிடிக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும்.

மீதி 14,950க்கு வருவோம். என்ஜின் ஃப்ளஷ் 750: பழைய ஆயிலை வடிக்குமுன் ஒரு டப்பா திரவத்தை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வண்டி நின்றபடியே ஐடிலில் ஓட விடுவார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றிவரும் என்ஜினுக்கு இது தேவையில்லை. இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) கிளீனிங் 1,200, த்ராட்டில் பாடி (என்ஜினுக்குக் காற்றை விடும் பாகம்) கிளீனிங் 1,100: ஐடில் ஏறி இறங்குகிறது, வண்டி இழுக்கவில்லை என்று நீங்கள் புகார் சொன்னீர்களா? இல்லையென்றால் எதற்கு? ஏசி கிருமிநீக்கம் 1,600, இன்டீரியர் பாலிஷ் 2,400, அடிப்பகுதி துருத்தடுப்பு 3,800. ஈரோட்டில் கடல் காற்று எங்கிருந்து வந்தது? வைப்பர் 900, ரப்பர் கிழிந்திருந்தால் வெளியே வாங்கி நீங்களே மாட்டலாம்.

ஃப்ரன்ட் பிரேக் பேட் 3,200. உங்கள் செக் ஷீட்டிலேயே ‘6 மி.மீ.’ என்று எழுதியிருக்கிறது! புதிதில் சுமார் 10 மி.மீ. என்று வைத்தால் 37,000 கிலோமீட்டரில் 4 மி.மீ. தேய்ந்திருக்கிறது. 3 மி.மீ. ஆகும்போது மாற்றினால் போதும், அதாவது இன்னும் 27,000 கிலோமீட்டர், உங்கள் ஓட்டத்தில் மூன்று வருடம். உள்பக்க பேட் சில சமயம் வேகமாகத் தேயும் என்பதால் அடுத்த முறை உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டின் அளவையும் கேளுங்கள்.

மச்சினன் கெட்டவர் இல்லை. ஃப்ளஷ், பாலிஷ் போன்ற இந்த ‘வேல்யூ ஆடட்’ கூடுதல் வேலைகளுக்கு சர்வீஸ் சென்டர்களில் மாதாந்திர டார்கெட் உண்டு, அட்வைசருக்கு இன்சென்டிவ் அதிலிருந்துதான். அந்த டார்கெட்டை உங்கள் சம்பளத்திலிருந்து அடைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். ‘மாப்ளே, புத்தகத்தில் இருப்பதை மட்டும் செய்யுங்க, மத்ததுக்கு அளவும் போட்டோவும் அனுப்புங்க, சாயந்திரம் நேரில் பார்த்துட்டுச் சொல்றேன்’ என்று சொல்லுங்கள். வண்டியை விடும்போது தரும் ஜாப் கார்டில் (வேலைப் பட்டியல் தாள்) கையெழுத்துப் போடுமுன் செய்ய வேண்டியதை வரிசையாக எழுத வையுங்கள். கீழே ‘கூடுதல் வேலைக்கு எழுத்தில் ஒப்புதல் வேண்டும், பழைய பாகங்களை டிக்கியில் வைக்கவும்’ என்று ஒரு வரி. பில்லில் ஆயில் அளவையும் பாருங்கள்; புத்தகம் மூன்றரை லிட்டர் என்றால் நாலரை லிட்டருக்கு பில் வரக் கூடாது. சம்மதிக்காத வேலைக்குப் பணம் கேட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. சொந்தக்காரர் என்பதால் அதுவரை போகாது என நினைக்கிறேன்.

வாரன்டிக்கு வேண்டியது அட்டவணைப்படி சர்வீஸும் அதன் பில்லும். பாலிஷை மறுத்ததற்காக வாரன்டி போகாது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்தால் வாரன்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் கெட்டுப்போன அளவுக்குத்தான் மறுக்கலாம் என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. ஆகவே கவுன்டரில் அதைக் காட்டிச் சண்டை போட வேண்டாம். வாரன்டி முடியும்வரை வருட சர்வீஸை மட்டும் அங்கே செய்யுங்கள். டயர், அலைன்மென்ட், கழுவுதல் எல்லாம் வெளியே.

அந்த பேக்கேஜைத் திரும்பப் பாருங்கள். மூன்று வருடத்தில் உங்களுக்குத் தேவை மூன்று சர்வீஸ், தலா 6,000 முதல் 8,000. அதிகபட்சம் 24,000. அதற்கு 36,000 முன்பணம், அதுவும் வட்டிக்கு வாங்கி! பிரேக் பேட், கிளட்ச், பேட்டரி போன்ற தேய்மானப் பாகங்கள் இதுபோன்ற பேக்கேஜ்கள் பலவற்றில் சேராது. நிபந்தனைத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தால் மச்சினனுக்கே தெரிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் இஎம்ஐயை முன்கூட்டி அடைக்க வங்கி என்ன கட்டணம் கேட்கிறது என்று பாருங்கள். மீதமிருக்கும் வட்டியைவிட அது அதிகமானால் அப்படியே முடியட்டும். அது முடிந்ததும் மாதம் 1,500 ரூபாய்க்கு ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) ஒன்று போடுங்கள். வருடத்துக்கு 18,000 சேரும். சர்வீஸ் போக பத்தாயிரம் நிற்கும். இரண்டு வருடத்தில் நான்கு டயரும் மாற்ற வேண்டியிருக்கும், அதற்கு ஆகும்.