சண்டை பீப்பாயோடுதான்

கேள்வி: கிரேக்கச் சிவப்பு ஒயின் ஒன்றில் உள்ளூர்த் திராட்சையோடு பிரெஞ்சுத் திராட்சையையும் சேர்த்து, ஓக் பீப்பாயில் வைத்திருந்து விற்கிறார்களாம். இது பாரம்பரியத்தில் கலப்படம் இல்லையா?

பதில்: கலப்படம் என்றால் 1986-ல் இத்தாலியில் நடந்தது. மலிவு ஒயினில் போதை ஏற்ற மெத்தனால் என்ற விஷச் சாராயத்தை ஊற்றினார்கள். 20 பேருக்கு மேல் செத்தார்கள், சிலருக்குக் கண் போனது. இரண்டு நல்ல திராட்சையைச் சேர்த்து, சேர்த்ததைச் சொல்லியே விற்கிறவரை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

வடக்கு கிரேக்கத்தில் நௌசா மலைச்சரிவுகளில் விளையும் திராட்சை க்சினோமாவ்ரோ. புளிப்பும் துவர்ப்பும் தூக்கல். நிறம் வெளிறல், சில வருடத்தில் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். மணத்தில் தக்காளியும் ஆலிவும் வரும். இளசாகக் குடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மெர்லோ என்ற பிரெஞ்சுத் திராட்சை சேர்ந்தால் இது கொஞ்சம் சதைபிடிக்கும், சிரா என்ற இன்னொரு பிரெஞ்சுத் திராட்சை சேர்ந்தால் நிறம் கூடும். ஆனால் அப்படிச் சேர்த்ததற்கு நௌசா என்று பெயர் போடச் சட்டம் விடாது. அந்தப் பெயருக்கு முழுக்க க்சினோமாவ்ரோவாக இருக்க வேண்டும், ஒரு வருடமாவது மரப் பீப்பாயில் கிடக்க வேண்டும். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

எனக்குச் சண்டை பீப்பாயோடுதான். இதே பக்கத்தில் முன்பே எழுதித் திட்டும் வாங்கியிருக்கிறேன், இன்னும் சொல்வேன். மரத்தின் வழியே காற்று மெல்ல நுழைந்து துவர்ப்பைத் தணிப்பது நல்ல வேலை. ஆனால் உள்பக்கம் நெருப்பில் வாட்டிய 225 லிட்டர் புதுப் பீப்பாய், வெனிலாவையும் புகையையும் கொட்டிவிடும். அப்புறம் அது நௌசா ஒயினா, சிலி நாட்டு ஒயினா, ஆஸ்திரேலிய ஒயினா? ஊரின் அடையாளத்தை அழிப்பது அந்தப் புதுமரம்தான், மெர்லோ இல்லை. நாலைந்து முறை நிரப்பிய பழைய பீப்பாய் போதும்.

சரி, பாரம்பரியம். க்சினோமாவ்ரோவை உலகம் அறியச் செய்தவர்களில் ஒருவர் யானிஸ் பூத்தாரிஸ். 1879-ல் தொடங்கிய குடும்ப நிறுவனத்தை விட்டு வெளியே வந்து கிர்-யான்னி என்று தனியாக ஆரம்பித்தார். அங்கே க்சினோமாவ்ரோவும் உண்டு, மெர்லோவும் சிராவும் உண்டு. கலப்புக்கு அஞ்சாத இதே மனிதர் 2011-ல் வடக்கு கிரேக்க நகரமான தெசலோனிகிக்கு மேயரானார். 1943-ல் அந்த ஊரிலிருந்து 45,000-க்கு மேற்பட்ட யூதர்களை நாஜிகள் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயிலேற்றியிருந்தார்கள். அதைப் பற்றி ஊர் வெகுகாலம் வாய் திறக்கவில்லை. பூத்தாரிஸ் திறந்தார். 2014-ல் பொன் விடியல் என்ற நாஜிப் பாணிக் கட்சியின் ஆள் ஒருவர் மாநகர மன்றத்துக்குத் தேர்வானபோது, யூதர்களை நாஜிகள் கட்டாயமாக அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தை இவர் கோட்டில் குத்திக்கொண்டு பதவியேற்றார். இனத்தூய்மை பேசியவர்களுக்கு இவரைக் கண்டாலே ஆகாமல் இருந்தது. 2018-ல் ஒரு கும்பல் தெருவில் தள்ளிவிட்டு உதைத்தது. அப்போது வயது 75. மனிதர் பதவியை விடவில்லை. 2019-ல் காலம் முடிந்துதான் இறங்கினார்.