புது பல்பு போட்டும் ஒரு பக்க ஹெட்லைட் மங்கலாகவே இருந்தால்

இடது பக்கம் மட்டும் மங்கல், பல்பு மாற்றியும் சரியாகவில்லை, வண்டி நிற்பது சென்னையில் கடலோரக் காசிமேட்டில் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முதலில் எர்த்தை, அதாவது கரண்ட் பல்பிலிருந்து பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் லைட் எரியவே எரியாது. மங்கலாக எரிகிறதென்றால் கரண்ட் வருகிறது, வழியில் எங்கோ தடை இருக்கிறது.

எச்4 பல்பில் (லோ பீம், ஹை பீம் இரண்டும் ஒரே பல்பில் வரும் ஹெட்லைட் வகை) மூன்று கால்: லோ பீம், ஹை பீம், எர்த். சாக்கெட்டைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, பிளாஸ்டிக் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் சாக்கெட்டைத் திரும்ப மாட்டி, லைட் எரியும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையைப் பின்பக்கமாக எர்த் காலிலும் வையுங்கள். கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு அங்கேதான்.

ராயபுரத்தில் என் பழைய காருக்கும் இதே கதைதான். எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட் வெளியே பளிச்சென்று இருந்தது, கழற்றினால் வாஷருக்கு அடியில் உப்புக்காற்று தின்ற துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவியதும் வெளிச்சம் வந்துவிட்டது.

தயவுசெய்து வெளிச்சம் போதவில்லை என்று 100 வாட்ஸ் பல்பு மட்டும் போடாதீர்கள், 60/55 வாட்ஸுக்கு (ஹை பீம் 60, லோ பீம் 55) போட்ட ஒயர் சூடாகி உருகிவிடலாம்.